வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவரைக் கடத்திப் பணம் கேட்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரலில் நைஜரில் ஜார்கண்ட் தொழிலாளர்கள் ஐந்து பேர் கடத்தப்பட்டார்கள். மே மாதம் ஈரானில் இறங்கிய பஞ்சாப் இளைஞர்கள் மூன்று பேர். ஜூலையில் மாலி நாட்டின் கேய்ஸ் நகரச் சிமென்ட் ஆலையில் மூன்று இந்தியர்கள். நவம்பர் 6 அன்று அதே மாலியில், கோப்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில், மின்பாதைப் பணியில் இருந்த ஐந்து பேர். இந்த ஐவரும் தென்காசி, தூத்துக்குடி பக்கத்து ஆட்கள். இப்படி ‘உங்கள் ஆளைக் கடத்திவிட்டோம், பணம் கொடு’ என்று ஒரு போன் வந்ததும் ஊரில் இருக்கும் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று பலரும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறோம்.

இப்போதுதான் போன் வந்தது. கை கால் ஓடவில்லை. முதலில் என்ன செய்வது?

ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். எந்த எண்ணிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசினார்கள், எந்த மொழி, என்ன கேட்டார்கள், பின்னால் என்ன சத்தம் கேட்டது என்று எல்லாவற்றையும். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும். ‘மிரட்டினார்கள்’ என்று சுருக்கி எழுதினால் அதை வைத்து போலீசால் ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் காலையில் நினைவு மாறிவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது அந்த போன். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார்கள். சாதாரண கால் ரெக்கார்டர் வாட்ஸ்அப் பேச்சைப் பதிவு செய்யாது. ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். ‘ஒருமுறை மட்டும் பார்க்கலாம்’ என்ற வகையில் படம் வந்தால் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். இரண்டாவது போனின் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு திறங்கள். தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் அமைப்பு வாட்ஸ்அப்பில் உண்டு. அது போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அவர்கள் நாலு முறை கூப்பிட்டும் இந்தப் பக்கம் மணியே அடிக்காமல், ‘எடுக்க மாட்டேன் என்கிறீர்களா’ என்று கோபத்தைக் கிளப்பிவிடும். சிம் கார்டை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தீரவிடாதீர்கள். சொந்தக்காரர்களோடு பேச வேறு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

கடத்தப்பட்டவரின் போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்றும் யோசியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருந்தால், அங்கே ‘நகையை அடகு வைத்து எட்டு லட்சம் புரட்டிவிட்டோம்’ என்று எழுதுவது கடத்தியவனிடமே கணக்கு ஒப்பிப்பதுதான். அந்தக் குழுவைக் கலைக்க வேண்டாம், சந்தேகம் வரும். பேசாமல் விட்டுவிட்டு, புதிதாக ஒரு குழு தொடங்குங்கள். அவருடைய வங்கிக் கணக்கும் யுபிஐயும் அந்த போனில் இருக்குமே. வங்கிக்குச் சொல்லி நிறுத்தி வையுங்கள்.

இது உண்மையான கடத்தல்தானா? ஏமாற்று வேலையாக இருக்குமா?

இருக்கலாம். ஆளைத் தொடாமலே ‘கடத்திவிட்டோம்’ என்று பெற்றோரிடம் பணம் பறிக்கும் வகை ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் படித்த ஒரு சீன மாணவரை, தனியாகப் போய் ஒளிந்துகொள்ளும்படி போனிலேயே மிரட்டி வைத்துவிட்டு, சீனாவில் இருந்த பெற்றோரிடம் சுமார் 80,000 டாலர் வாங்கிவிட்டார்கள். போலீஸ் தேடிப்போனபோது பையன் மலைக்காட்டில் ஒரு கூடாரத்துக்குள் குளிரில் இருந்தான்.

அதனால் ஒருவர் கடத்தியவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வேறு போனில் அவருடைய எண், அறைத் தோழர், ஃபோர்மேன், கம்பெனி அலுவலகம் என்று வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். போனை வைக்கவே விடாமல் ‘இப்பவே அனுப்பு’ என்று நெருக்கினால் ஏமாற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அழும் குரல் மட்டும் ஆதாரம் ஆகாது. குரலைப் போலி செய்வது இப்போது எளிது. எண்ணின் தொடக்கத்தில் மாலியின் 223-ஓ ஈரானின் 98-ஓ இருப்பதும் அப்படித்தான். வாட்ஸ்அப் எண்ணை எங்கிருந்தும் இயக்கலாம்.

உயிரோடு இருக்கிறார் என்று எப்படி உறுதி செய்வது?

அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வி. ‘உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன’ என்று கேட்டு லாபமில்லை, அது பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. மனைவி பெயர், குழந்தையின் பிறந்தநாள், ஊர்க் கோயில் எல்லாம் ஃபேஸ்புக்கில் கிடைக்கும். ‘ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் என்ன?’, ‘முதல் பைக்கை யாரிடம் விற்றாய்?’ என்பது போலக் கேளுங்கள். இறந்துபோனவர்களைப் பற்றியோ குடும்பச் சண்டையைப் பற்றியோ கேட்டு அங்கே இருப்பவரை உடைத்துவிட வேண்டாம். இப்படி ஐந்தாறு கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை பயன்படுத்துங்கள். வீடியோ வந்தால் அது எப்போது எடுத்தது என்று தெரியாது. கேள்விக்கு வரும் பதில்தான் அவர் அந்த நேரத்தில் உயிரோடு இருப்பதைக் காட்டும்.

யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்?

முதலில் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம். மாலிக்கு பமாகோவில், நைஜருக்கு நியாமேயில், ஈரானுக்கு தெஹ்ரானில், மியான்மருக்கு யாங்கோனில் இருக்கிறது. ஒவ்வொரு தூதரகத்துக்கும் அவசர எண் உண்டு. அதைத் தூதரகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். போலித் தளங்களும் உண்டு என்பதால் முகவரி ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். மாலி நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் ஊரில் காலை பத்து மணி என்றால் பமாகோவில் விடியற்காலை நாலரை. அந்த நேரத்தில் அலுவலக எண்ணை யாரும் எடுக்காவிட்டால் மனம் தளராமல் அவசர எண்ணுக்குப் போங்கள்.

உடன் சொல்ல வேண்டிய மற்ற இடங்கள்: தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தின் கட்டணமில்லா எண் 1800 309 3793. வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா மையம் 1800 11 3090. பிறகு ‘மதத்’ என்ற வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். அங்கே கிடைக்கும் பதிவு எண் முக்கியம். அடுத்தடுத்து எங்கே பேசினாலும் அதைச் சொன்னால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கத் திங்கட்கிழமை குறைதீர் நாள் வரை காத்திருக்க வேண்டாம். எந்த நாளும் நேரில் போய்க் கொடுக்கலாம். உங்கள் தொகுதி எம்.பி.யின் கடிதமும் உதவும். அது போனால் அமைச்சகத்தில் கோப்பு தூங்காது. ஆனால் பத்துப் பேர் பத்து அலுவலகத்தில் பத்து விதமாகச் சொன்னால் எந்தத் தகவல் சரி என்று பார்ப்பதற்கே இரண்டு நாள் போய்விடும். ஒரே மனு, ஒரே தொடர்பு எண், ஒரே ஆள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். மேலே பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கம்பெனி, வேலை செய்த இடம், கடைசியாகப் பேசிய நாளும் நேரமும். அடுத்து என்ன நடந்தது என்று ஐந்தாறு வரி. கடைசியில் உங்கள் பெயர், உறவு, எண். இணைப்பாக பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, வேலை ஒப்பந்தம், விமான டிக்கெட், சமீபத்திய புகைப்படம். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று மருந்து சாப்பிடுபவராக இருந்தால் மருந்தின் பெயரும் அளவும் எழுதுங்கள். இடைத்தரகர் மூலம் மருந்து உள்ளே அனுப்பிய சம்பவங்கள் உண்டு.

பெரும்பாலும் தவறு நடப்பது பெயரில்தான். நாம் ‘மா. முருகன்’ என்று எழுதுவோம். பாஸ்போர்ட்டில் ‘முருகன் மாரிமுத்து’ என்று இருக்கும். அந்த ஊர்க் குடியேற்றப் பதிவிலும் கம்பெனிப் பட்டியலிலும் அவர் ‘மாரிமுத்து’ ஆகிவிட்டிருப்பார். முருகனைத் தேடினால் அப்படி ஒருவர் நாட்டுக்குள் வரவேயில்லை என்று பதில் வரும். பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒரு எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள்.

‘வெளிநாட்டில் நடந்தது, எங்கள் எல்லை இல்லை’ என்கிறது காவல் நிலையம்.

அது சரியான பதில் அல்ல. பணம் கேட்டு மிரட்டிய போன் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பணத்துக்காகக் கடத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2) பிரிவில் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 364-ஏ என்று இருந்தது. தகவல் தந்தால் எல்லையைக் காரணம் காட்டாமல் பதிவு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். நகல் இலவசம். மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கையில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். அது புகார் வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் எண்களின் விவரத்தைக் கேட்டு வாங்கவும், சி.பி.ஐ. வழியாக இன்டர்போலுக்குப் போகவும் வழி பிறக்கும்.

போலீசுக்குச் சொன்னால் கொன்றுவிடுவோம் என்கிறார்களே?

எல்லோரும் சொல்லும் முதல் வசனம் இது. அவர்கள் நிஜமாகப் பயப்படுவது சைரன் வைத்த ஜீப் வீட்டு வாசலில் நிற்பதையும், செய்தி டிவியில் ஓடுவதையும்தான். ஆகவே நிலையத்துக்கு ஊர்வலமாகப் போகாமல் ஒருவர் மட்டும் எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய், சாதாரண உடையில் வந்து பேசச் சொல்லிக் கேளுங்கள். போனில் மட்டும் ‘யாரிடமும் சொல்லவில்லை’ என்றே இருங்கள். ஈரானில் 2025 மே மாதம் பிடிபட்ட பஞ்சாப் இளைஞர்களை ஒரு மாதத்தில் மீட்டது தெஹ்ரான் போலீஸ்தான். குடும்பங்கள் அரசிடம் சொல்லாமல் இருந்திருந்தால் அது நடப்பது கடினம்.

கடத்தியவர்களிடம் யார் பேசுவது? எப்படிப் பேசுவது?

அம்மாவோ மனைவியோ வேண்டாம். பதற்றப்படாத ஒரு சித்தப்பாவோ மச்சானோ போதும். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். ‘பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒவ்வொரு முறையும் நேரம் வாங்க அவரால்தான் முடியும். குடும்பத்தலைவரே பேசினால் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

திட்டக்கூடாது, சவால் விடக்கூடாது, பொய்யாகப் பெரிய தொகை சொல்லக்கூடாது. ‘கொடுக்க மாட்டோம்’ என்றும் சொல்லக்கூடாது, ‘சரி’ என்றும் சொல்லக்கூடாது. கேட்ட தொகைக்கு முதல் நாளே தலையாட்டினால், ‘இவர்களிடம் இன்னும் இருக்கிறது’ என்றுதான் அங்கே கணக்குப் போடுவார்கள். இரண்டாவது கேட்பு வரும். ஒவ்வொரு பேச்சிலும் அவரோடு ஒரு நிமிடம் பேச விடுங்கள் என்று கேளுங்கள். மொழி புரியாவிட்டால் புரிந்ததுபோல ‘ஆமா ஆமா’ போடாதீர்கள். மாலி, நைஜர் பக்கம் பிரெஞ்சு தெரிந்த ஒருவரையும், ஈரான் வழியில் இந்தி, உருது தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன பேசுவது என்பதை போலீஸ் அதிகாரியோடு முன்பே முடிவு செய்து தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

பணத்தைக் கொடுத்துவிடலாமா? அது குற்றமா?

அரசு தரப்பில் பணம் கட்ட மாட்டார்கள், ‘கட்டுங்கள்’ என்று சொல்லவும் மாட்டார்கள். குடும்பம் தன் ஆளுக்காகப் பணம் கொடுத்ததற்கென்றே தனிக் குற்றப்பிரிவு இல்லை. ஆனால் போகும் வழியும் போய்ச்சேரும் இடமும் சிக்கல் ஆகலாம். ஹவாலா என்றால் அன்னியச் செலாவணிச் சட்டம் வரும். மாலியில் இயங்கும், அல்-கொய்தா சார்ந்த ஜே.என்.ஐ.எம். போன்ற அமைப்பு என்றால் விஷயம் இன்னும் கனமானது. அது 2018 முதல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. பயங்கரவாத அமைப்புக்குப் பணம் திரட்டுவது உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும். யார் கையில் ஆள் இருக்கிறார் என்று தெரியும் முன்பு ஒரு ரூபாயும் நகரக் கூடாது, வழக்கறிஞரைக் கேட்காமலும் நகரக் கூடாது.

இந்திய வங்கிக் கணக்கு எண்ணோ யுபிஐயோ கொடுத்தால் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு. பணம் போடும் முன்பே போலீசிடம் கொடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். கிரிப்டோ என்றால் வாலட் முகவரியையும் பரிவர்த்தனை எண்ணையும் அழிக்காமல் வையுங்கள்.

கம்பெனி எதுவுமே சொல்ல மறுக்கிறது.

பெரிய ஒப்பந்த நிறுவனங்கள் கடத்தல் காப்பீடு எடுத்திருக்கும். அப்படி ஒன்று இருப்பதை வெளியே சொன்னாலே பாலிசி செல்லாமல் போகும் என்ற நிபந்தனை அதில் இருப்பதுண்டு. பாலிசி இருப்பது தெரிந்தால் கடத்தியவர்கள் விலையை ஏற்றுவார்கள் என்பதே காரணம். எனவே ‘இன்சூரன்ஸ் எவ்வளவு’ என்று கேட்டால் கதவு சாத்தப்படும். ‘பேச்சுவார்த்தைக்குத் தனி நிபுணர் இருக்கிறாரா, குடும்பத்துக்குத் தகவல் சொல்ல ஒரு ஆளை நியமிப்பீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை சொல்வீர்கள், சம்பளம் தொடருமா’ என்ற நாலையும் எழுத்தில் கேளுங்கள். கம்பெனி பேசிக்கொண்டிருக்கும்போது குடும்பம் தனியாக இன்னொரு பேரம் தொடங்கினால் இரண்டும் கெடும்.

ஈசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) வகைப் பாஸ்போர்ட்டில் போனவர்களுக்கு உள்ள பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு விபத்து மரணம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்குப் பத்து லட்சம் தரும். பணயத் தொகைக்கு அது பொருந்தாது.

தூதரகத்தால் என்ன முடியும், என்ன முடியாது?

அந்நாட்டு அரசை நெருக்கலாம், கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்கலாம், விடுதலையானவருக்கு பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரச் சான்றிதழ் கொடுத்து ஊருக்கு அனுப்பலாம். வசதியில்லாதவர்களுக்கு இந்திய சமூக நல நிதியிலிருந்து டிக்கெட், தங்குமிடம், மருத்துவச் செலவு செய்யலாம். வேறொரு நாட்டில் போய்த் தேடவோ விசாரிக்கவோ அதிகாரமில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போட்டால் மத்திய அரசு பதில் மனுத் தாக்கல் செய்யும். தூதரகம் சும்மா இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

டிவிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. அம்மா அழும் காட்சி கடத்தியவனுக்கு விலையேற்றும் விளம்பரம். வீட்டின் முகப்பு, நிலம், இன்னொரு மகனின் வேலை எதுவும் திரையில் வரக்கூடாது. உங்கள் சமூக வலைதளப் பக்கங்களில் கல்யாண நகைப் படங்கள் இருந்தால் மூடி வையுங்கள். மாதக்கணக்கில் எந்த அசைவும் இல்லை, அதிகாரிகள் போனே எடுப்பதில்லை என்றால் அப்போது செய்தியாளர் சந்திப்பு ஒரு கருவி. அதையும் ஒருவர் மட்டும், எழுதிவைத்துப் படியுங்கள்.

‘எம்பசியில் எனக்கு ஆள் தெரியும்’ என்று ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். செய்தி வெளிவந்த மறுநாளே இவர்கள் வருவார்கள். தூதரகம் மீட்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. கடத்தியவன் என்றே சொல்லிக்கொண்டு புதிய எண்ணில் பேசுபவனும் வருவான். மேலே சொன்ன, உங்கள் ஆளுக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியைக் கேளுங்கள், காணாமல் போய்விடுவான்.

எவ்வளவு நாள் ஆகும்?

காபூலில் 2016-ல் கடத்தப்பட்ட தொண்டு நிறுவனப் பணியாளர் ஆறு வாரத்தில் வந்தார். அதே ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 2014 ஜூனில் பிடிபட்ட தமிழகப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் எட்டு மாதம் கழித்து வந்தார். ஏமனில் 2016 மார்ச்சில் பிடிபட்ட கேரளப் பாதிரியார் டாம் உழுன்னாலில், ஓமன் தலையிட்டு 18 மாதம் கழித்து விடுவிக்கப்பட்டார். பொதுவாக, பணத்துக்காக மட்டும் பிடிக்கும் கும்பல் சீக்கிரம் முடிக்கப் பார்க்கும். ஆயுதக் குழுக்களுக்கு அவசரமில்லை. இடையில் இரண்டு மூன்று வாரம் பேச்சே வராமல் போகும். அது பேரத்தின் ஒரு பகுதி. அதையே முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தில் போன் அருகில் இருப்பவர்களை முறை வைத்து மாற்றுங்கள். வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் கடன் கொடுத்தவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

வேலை என்று போனவர் மியான்மரில் இணைய மோசடி மையத்தில் மாட்டிக்கொண்டார், விடுவிக்கப் பணம் கேட்கிறார்கள். அதற்கும் இதே வழியா?

பாதி அதே வழி. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியாவாடி பகுதியில் ‘கம்பெனி உன்னை வாங்கியிருக்கிறது, காசைக் கட்டிவிட்டுப் போ’ என்பார்கள். கட்டிய பிறகு வேறு கும்பலுக்கு விற்றதும் உண்டு. யாங்கோன் தூதரகத்தோடு பாங்காக் தூதரகத்துக்கும் எழுதுங்கள், ஏனென்றால் வெளியே வரும் வழி ஆற்றைத் தாண்டி தாய்லாந்தின் மே சோட். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் அந்த வழியாகத்தான் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் வந்தார்கள். உள்ளே இருப்பவர் ரகசியமாக போன் வைத்திருந்தால் நீங்களாகக் கூப்பிடாதீர்கள். அவர் கூப்பிடும்வரை காத்திருங்கள். வரைபட இருப்பிடம், கட்டிடத்தின் பெயர், மாடி எண் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கப்பலில் வேலை செய்பவர் என்றால்?

கப்பலின் பெயர், கப்பலின் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண், ஆளை அனுப்பிய ஏஜென்சிக்கு உள்ள, மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் மூன்றையும் எடுத்து மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு எழுதுங்கள். பேரத்தைக் கப்பல் முதலாளியும் காப்பீட்டாரும் நடத்துவார்கள். உரிமம் இல்லாத ஏஜென்ட் அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அனுப்பிய ஏஜென்ட் மீது இப்போதே வழக்குப் போடலாமா?

முதலில் அவரிடமிருந்து எல்லா விவரத்தையும் கறந்துவிடுங்கள்: அங்கே வரவேற்ற ஆளின் எண், வண்டி எண், தங்கவைத்த இடம். வழக்கு என்றதும் போனை அணைத்துவிடுவார். பிறகு 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடமும் போலீசிலும் புகார் கொடுக்கலாம். ஈரான் வழியாக ஐரோப்பா, மத்திய ஆசியா என்று ஆசை காட்டிய ஏஜென்ட்கள் பெருகிப்போய்த்தான், 2025 நவம்பர் 22 முதல் இந்தியர்களுக்கான விசா இல்லாப் பயணத்தை ஈரான் நிறுத்தியது.

நாங்கள் இலங்கைக் குடிமக்கள்.

இந்தியத் தூதரகம் உங்களுக்காகப் பேச முடியாது. கொழும்பு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கும் அறிவியுங்கள். பணியகத்தில் பதியாமல் போனவர் என்றாலும் அறிவிக்கத் தயங்க வேண்டாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் அந்த நாட்டின் தூதரகம்.

விடுவித்துவிட்டார்கள். இனி?

பாதுகாப்பான கட்டிடத்துக்குள் வந்துவிட்டாரா என்று அவர் குரலிலேயே கேட்கும்வரை எதையும் யாருக்கும் அறிவிக்காதீர்கள். பாஸ்போர்ட் இருக்காது. விசா காலாவதியாகியிருக்கும். அபராதமும் வெளியேறும் அனுமதியும் முடிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதைத் தூதரகம் பார்த்துக்கொள்ளும். ஊர் வந்ததும் முதலில் மருத்துவமனை. பல நாள் அரைப்பட்டினி கிடந்தவருக்கு வந்த அன்றே பிரியாணி விருந்து வைப்பது ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும். நடந்ததை அவராகச் சொல்லும்வரை சொந்தக்காரர்கள் தோண்ட வேண்டாம். போலீஸ் விசாரணைக்கு மட்டும் நினைவு மங்கும் முன் உட்காரட்டும். பாக்கிச் சம்பளத்துக்கும் இழப்பீட்டுக்கும் கம்பெனிக்கு எழுதும்போது, முதல் நாளிலிருந்து நீங்கள் எழுதிவந்த அந்த நோட்டின் நகலை இணைத்துவிடுங்கள்.